மூன்று மாதத்துக்கு ஒரு டர்போ

புனேயில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் பைக் இளைஞர்கள் முதலில் என் வண்டியின் பின்புறத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே டிக்கியின் ஓரத்தில் 'டர்போ' என்று சின்னதாக, சிவப்பாக எழுதியிருக்கும். அதைப் படித்ததும் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை முறுக்கிவிட்டு, ஓட்டுகிறவனை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளக் குனிவார்கள். உள்ளே நான் இருப்பேன். நாற்பத்து மூன்று வயது, கைத்தறிச் சேலை, மூக்குக் கண்ணாடி, பக்கத்து சீட்டில் சாம்பார் சிந்தாமலிருக்க பெல்ட் போட்டு உட்காரவைத்த டிபன் கேரியர். அவர்களுடைய ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். ஒருவன் மட்டும் கேரியரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனான்.

கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் தரப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவள் நான். என் கணவருக்கு புனேக்கு மாற்றல் வந்தபோது, இரண்டே வருடம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டி, சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தோம். இது நடந்தது அதற்குப் பின் நான்காவது வருடம். அப்போதும் இரண்டு வருடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மகள் காவ்யாவின் பள்ளிக்காகக் கோந்த்வாவில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வேலை கிடைத்ததோ போசரியில், ஊரின் நேர் எதிர்க்கோடியில். தொழிற்சாலை பஸ் எங்கள் பக்கம் வராது. என்னைத் தன் காரில் அழைத்துப்போன சக ஊழியர் வேலை மாறிப் போனதும் இரண்டு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவுமாக அல்லாடினேன். சின்ன டீசல் கார் ஒன்றுக்குப் பதிவு செய்தோம். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் ஏதாவது ஒரு பழைய வண்டி போதும் என்று தேடியபோதுதான் பக்கத்துக் குடியிருப்புச் சொசைட்டியின் அறிவிப்புப் பலகையில் ஜோஷி காகா கையால் எழுதி ஒட்டிய விற்பனை அறிவிப்பைப் பார்த்தேன்.

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. இவர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். கார் ஓட்டத் தெரியாது. அந்த நீல நிற டர்போ செடான் அவருடைய மகன் நிகிலுடையது, பதிவு மட்டும் காகாவின் பேரில். ஐரோப்பியக் கம்பெனி வண்டி. வாங்கிய ஆறாவது மாதம் நிகிலை ஒரு வருட வேலையாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அது மூன்று வருடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காகா உறையைக் கழற்றி, துடைத்து, சாவியைத் திருகி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, திரும்ப மூடிவைப்பார். விற்றுவிடச் சொன்னது அவர் மனைவி, காகூ. எனக்கு முன் வந்த நான்கைந்து பேரைக் காகா திருப்பி அனுப்பியிருந்தார். எல்லாரும் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார்களாம். நான் டிக்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை படுக்குமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் அவர் மனம் இளகிவிட்டது.

அவருக்கு மராத்தி வேகமாக வரும். எனக்கு இந்தியே மெதுவாகத்தான் வரும். ஒன்பதாம் வகுப்புப் படித்த காவ்யாதான் நடுவில் மொழிபெயர்த்தாள். ஐந்தாம் வகுப்பில் வந்தவள், அவளுடைய தமிழும் அங்கேயே நின்றுவிட்டிருந்தது. மீதியை இந்தியை வைத்து ஒட்டுவாள்: கேட்பது 'பூச்', சொல்வது 'போல்'.

"அம்மா, காகா பூச் பண்றாரு. எவ்ளோ நாள் வெச்சுப்பீங்கன்னு."

"மூணு மாசத்துக்குத்தான் வேணும்னு சொல்லு கண்ணு. நம்ம புது வண்டி வந்ததும் இதைக் குடுத்துருவோம்."

அவள் இரண்டு வாக்கியம் சொன்னாள். காகாவின் முகம் மலர்ந்துபோனது. "சாலேல், சாலேல்" என்றார். மராத்தியில் அதற்கு 'சரி, அப்படியே ஆகட்டும்' என்று பொருள். வண்டி நன்றாக ஓடும் என்று உறுதி சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சாவியைத் தரும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார். ஓட்டி முடித்தவுடனே அணைக்கக் கூடாது, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், டர்போ ஆறட்டும். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஏனென்றால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்த டர்போவின் வெளிக்கூட்டை நாங்கள்தான் வார்ப்போம். நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். கோயம்புத்தூரிலும் போசரியிலுமாக ஆயிரக்கணக்கான நத்தைகளை என் கையில் திருப்பிப் பார்த்திருக்கிறேன். காற்றுப் பொத்தல் இருந்தால், மயிரிழை விரிசல் இருந்தால் ஒதுக்குவேன். அது இருக்கும் வண்டி எப்படி ஓடும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. முதல் வாரம், ரோடு காலியாக இருந்த ஒரு காலையில், தாபோடிப் பாலம் தாண்டி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மனு கொடுத்துவிட்டு அரசு அலுவலகத்தில் நிற்பதுபோல இரண்டு நொடி. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. முன்னால் போன லாரி சட்டென்று பின்னால் போயிருந்தது. நான் தனியாக, சத்தமாகச் சிரித்தேன்.

மற்ற நாட்களில் அந்த வண்டி ஆட்டோக்களின் வேகத்தில்தான் போனது. நூற்றைம்பது குதிரைகளைக் கட்டிக்கொண்டு, கோந்த்வாவிலிருந்து போசரிக்கு ஒன்றேகால் மணி நேரம். வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். பெட்ரோலைக் குடிக்கும் குடியைப் பார்த்து என் கணவர் வாய்விட்டே கேட்டார்.

"ஏஞ் சாவித்திரி, சந்தைக்குப் போறதுக்குப் பந்தயக் குதிரையா?"

"மூணு மாசந்தானுங்களே" என்றேன்.

மூன்று மாத வண்டி என்பதால் அதற்குச் சீட் உறைகூட வாங்கவில்லை. வாடகை வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தோம். சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. காலண்டர் ஜன்னல் தாழ்ப்பாளில் தொங்கியது. வந்தபோது பிரிக்காத அட்டைப் பெட்டிகள் இரண்டு கூடத்து மூலையில் அப்படியே இருந்தன. ஆனால் வண்டி விஷயத்தில் நான் நேர்மையாக இல்லை. உலையில் காலை வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே கிளம்ப ஆரம்பித்தேன். உலை எட்டு மணிக்குத்தான் சூடாகும். ரோடுதான் ஆறு மணிக்குக் காலியாக இருக்கும். மாலையில் பார்க்கிங்கில் வந்து நின்றதும் அந்த ஒரு நிமிடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எஞ்சின் ஆறிக்கொண்டிருக்கும். உலைக்கும் அடுப்புக்கும் நடுவில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாத நிமிடம். சில நாள் அது பத்து நிமிடமாகவும் ஆகும்.

சொன்னபடி மூன்றாவது மாதம் ஷோரூமிலிருந்து போன் வந்தது. அடுத்த ஞாயிறு, பழையதை விற்க விளம்பரம் எழுத என் கணவர் உட்கார்ந்தார். என்ன சொல்லித் தடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. ஜோஷி காகா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பாக்கர்வடிப் பலகாரப் பெட்டி. இன்னொரு கையில் மடித்த, புத்தம் புதிய கார் உறை.

"தீன் மஹினே ஜாலே" என்றார், சிரித்தபடி. மூன்று மாதம் ஆகிவிட்டது.

எங்களுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. நான் 'குடுத்துருவோம்' என்றது விற்றுவிடுவோம் என்ற அர்த்தத்தில். காவ்யா சொன்னது 'உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம்' என்று. அதை நம்பித்தான் அவர் சம்மதித்திருக்கிறார். நாங்கள் கொடுத்த பணத்துக்கு அப்படியே செக் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நிகில் டிசம்பரில் வருகிறான் என்றார். வண்டி பத்திரமாக நிற்கிறது என்று மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு மதராஸி மேடம் அதை ஓட்டிப் பழக்கத்தில் வைத்திருக்கிறார் என்பது அவருடைய கணக்கு. நாயை நடக்கக் கூட்டிப்போவது மாதிரி.

"காகா, வண்டி என் பேர்ல இருக்கு. நான் வாங்கிட்டேன்" என்றேன் இந்தியில்.

"பேர்தானே? மாத்திக்கலாம்" என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

எனக்குக் கோபம் வந்தது. நியாயம் என் பக்கம் இருந்தது, காகிதமும் இருந்தது. அதைவிட, வண்டியைத் தரவே கூடாது என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தது அந்தக் கணத்தில் எனக்கே தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் பாக்கர்வடியை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு, உறையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காவ்யா அழுதாள். "நான் பரத்னுதான் சொன்னேன். பரத்னா திரும்பதானே? நீங்க குடுத்துருவோம்னுதானே போல் பண்ணீங்க?" அவள் கேட்டதில் தவறே இல்லை.

மறுநாள் காய்கறிக்காரரிடம் காகூவைப் பார்த்தேன். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"திருப்பித் தராதே சாவித்திரி. அது கீழே நின்றால் இவர் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பார். பிள்ளை வரமாட்டான். எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியட்டும் என்றுதான் விற்கச் சொன்னேன்."

"நிகில் சொன்னானா?"

"பெற்றவளுக்குச் சொல்ல வேண்டுமா?"

கடைசியில் காகாவும் நானும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வண்டி என்னிடமே இருக்கும். டிசம்பரில் இரண்டு வாரம் மட்டும் காகாவின் பார்க்கிங்கில், புது உறைக்குள், மூன்று வருடமாக நகராததுபோல நிற்கும். என் கணவர் இதைக் கேட்டுவிட்டு விளம்பரத் தாளை மடித்துவைத்தார். ஷோரூமுக்குப் போன் செய்து, பதிவை ரத்து செய்ய முடியுமா என்று விசாரித்தார்.

நிகில் வந்தான். முதல் நாளே உறையைக் கழற்றினான். மூன்றாம் நாள் வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, டிக்கியிலிருந்ததாக ஒரு கைப்பிடி பொன்னி அரிசியை உள்ளங்கையில் காட்டினான்.

"ஆண்ட்டி, இது எங்க வீட்டு அரிசி இல்லை" என்றான் ஆங்கிலத்தில். "கிலோமீட்டரையும் பார்த்தேன். பாபாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே வீடு வாங்கிவிட்டேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை."

காபி கொடுத்தேன். பெட்டிகளையும் ஜன்னலில் தொங்கிய காலண்டரையும் பார்த்துக்கொண்டு குடித்தான். "நீங்கள் ஊருக்குத் திரும்பப் போகிறீர்களா?" என்று கேட்டான்.

"ஆமாம். இரண்டு வருடத்தில்."

அவன் சிரிக்கவில்லை. அதையும் நான் அவன் நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அவன் கிளம்பிய மத்தியானம் விமான் நகர் வழியாக ஏர்போர்ட்டுக்கு அவனே ஓட்டினான். காகா முன்சீட்டில், நான் பின்சீட்டில். திரும்ப ஓட்டிவர ஆள் வேண்டும் என்பதால் என்னை அழைத்ததாகக் காகா மகனுக்கு விளக்கினார். மகனும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டான். காகூ வரவில்லை. தலைவலி என்றார். வாசலில் நிகில் சாவியை அப்பாவின் கையில் வைத்து, "ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்யுங்கள் பாபா" என்றான். காகா தலையாட்டினார். அவன் உள்ளே போய் மறைந்தபின் சாவியை என்னிடம் நீட்டினார்.  திரும்பும் வழியில், ரோட்டைப் பார்த்தபடியே, "வீடு வாங்கியிருக்கிறான். இல்லையா?" என்றார். நான் கியரை மாற்றினேன். "சாலேல்" என்றார் காகா, மெதுவாக.

அதற்கடுத்த ஞாயிறிலிருந்து அவர் எங்கள் பார்க்கிங்குக்கே வந்து துடைக்க ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துக் காவ்யாவின் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நாங்கள் மூவரும் அந்த வண்டியிலேயே கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். வீட்டைப் பார்த்து, கூரையைச் சரிசெய்துவிட்டு வருவதாக ஏற்பாடு. சாதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி என்று ரோடு விரிந்து கிடந்தது. வாங்கி இத்தனை நாளில் அன்றுதான் அந்த வண்டி தன் வேகத்தில் ஓடியது. பெங்களூரில் தங்கி, மறுநாள் ஓசூர் தாண்டித் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வந்ததும் என் கணவர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். காவ்யா எழுத்துக்கூட்டி அவரைத் துரத்தினாள்.

அவினாசிக்கு முன்னால் போலீஸ் கைகாட்டி நிறுத்தியது. ஒரு ஏட்டையா மகாராஷ்டிரா நம்பர் பலகையைப் பார்த்தார், சுற்றி வந்து கண்ணாடிக்குள் குனிந்தார். வெயிலுக்காக நான் புனேக்காரிகளைப் போலத் துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டியிருந்தேன்.

"கிதர் ஜாத்தா?" என்றார் அவர், கஷ்டப்பட்டு.

"கர் ஜா ரஹே ஹைன்" என்றேன். வீட்டுக்குப் போகிறோம். சொல்லி முடித்த பிறகுதான் எந்த மொழியில் சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பக்கத்தில் என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஏட்டையா நிமிர்ந்து, சாலையின் அந்தப் பக்கம் நின்ற கான்ஸ்டபிளிடம், "சேட்டு வூட்டம்மாவாட்ட இருக்குதுப்பா. பாவம், வெகு தூரத்துல இருந்து வருது. வுட்ரு" என்றார்.

துப்பட்டாவை இறக்கிவிட்டு, நானும் இந்த ஊர்தானுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒதுங்கி நின்று, பெரிய மனதோடு கையை வீசி, தனக்குத் தெரிந்த மிச்ச இந்தியையும் எனக்காகச் செலவழித்தார்.

"ஜாவ், ஜாவ்."

போனேன்.