மிதிக்க முடியாத நடை

எங்கள் வீட்டு நடைக்குத் தரை போட்ட கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்தவர்கள் நாங்கள். குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் பட்டா கொடுத்தபிறகு, அண்ணன் சம்பாத்தியமும் என் டீச்சர் சம்பளமுமாகச் சேர்ந்து ஒரு கல் வீடு எழுப்பினோம்.

அந்த வீட்டில் அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். வாசல் கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே நீளமாக ஒரு நடை வேண்டும், அது வழியாக நேரே உள்ளே போக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியவள் அவள். அந்த வீட்டுக்கு எத்தனை வாசல் இருந்தாலும் பக்கத்துச் சந்தில் நுழைந்து கொல்லைக்குப் போகிற வழி ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

கூடத்துக்குச் சாதா சிமெண்ட் போதும் என்று முடிவாயிற்று. நடைக்கு என்ன என்று கொத்தனார் கேட்டார். கேட்டாரோ இல்லையோ, பிடித்தது சனியன்.

அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். கூலிப் போராட்டத்தில் செங்கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவர். சிமெண்டில் காவிப் பொடி கலந்து முழுச் சிவப்பாகப் போடச் சொன்னார். அண்ணன் ஆளுங்கட்சி. சிவப்பு மட்டும் என்றால் யார் வீடு என்று நினைப்பார்கள், பாதி கறுப்பு வேண்டும் என்றான். சண்டை ஆரம்பித்தது தரையில், போய் நின்றது பழைய கூலிப் போராட்டத்து அறுப்பு வயலில். போலீஸ் வந்து எங்களை அடித்தபோது யார் ஆட்சி என்று அப்பா கேட்டார். இப்போது நீங்கள் நிற்கிற மனைக்குப் பட்டா கொடுத்தது யார் என்று அண்ணன் கேட்டான். கொத்தனார் பீடி பிடிக்கப் போய்விட்டார்.

இரண்டு பேரும் வாய் ஓயாமல் கத்தினார்களே, அடுப்படியில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சேர்த்து வடித்துக்கொண்டிருந்தவளிடம் உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் கேட்டேன். கால் வழுக்காமல் இருந்தால் சரி என்றாள். அதை நான் போய்ச் சொன்னதற்கு, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றான் அண்ணன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழே ஆண் வாத்தியார்கள் வேலை பார்த்தார்கள். வீட்டில் நான் பொம்பளை.

கடைசியில் கொத்தனார்தான் வழி சொன்னார். நடுவில் சிவப்பு, இரண்டு ஓரத்திலும் சேலைக்குக் கரை வைத்தாற்போல் கறுப்பு. இருவரும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுமினுவென்று ஆக்கிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தரை காய்ந்ததும் அண்ணன் பெருமையாகத் தன் கட்சிக் கிளைச் செயலாளரை அழைத்து வந்தான். அவர் வாசப்படியில் செருப்பைக் கழற்றினார், காலைத் தூக்கினார், தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துவிட்டார்.

"என்ன தம்பி இது? கொடியக் கொண்டாந்து கால்ல மிதிக்கப் போட்டிருக்கீங்க?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகம் தெரியாமல் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர். கொடியை மிதித்தால் சும்மா விடுவார்களா? காப்பிகூடக் குடிக்காமல் அவர் போய்விட்டார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தபிறகுதான் அவருக்கும் உறைத்தது, நடுவில் கிடப்பது அவருடைய சிவப்பு. அதற்காக அடி வாங்கிய மனுஷன் அதன்மேல் எப்படிக் கால் வைப்பார்?

அதோடு போயிற்று நடை. அறுவடை முடிந்ததும் கொத்திப்போட்டு வேறு நிறம் போடலாம், அதுவரை யாரும் மிதிக்க வேண்டாம் என்று அப்பனும் மகனும் பேசி முடித்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒத்துப்போனார்கள், அதுவும் இதற்கு! இருவரும் வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கமாக வந்து போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையைத் தேடினேன்.

அன்று சாயங்காலம் அம்மா நடவு முடிந்து வந்தாள். வாய்க்காலில் கழுவிய கால் இன்னும் ஈரமாக இருந்தது. வாசல் கதவுக்கு நேரே வந்து நின்றாள். வெளியே கட்டிலில் அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொல்லப்பக்கமா போ," என்றார் அப்பா.

அம்மா திரும்பி அவரையே பார்த்தாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை.

"இதச் சொல்லத்தான் அந்த வீட்டுல ஆள் இருந்தாங்களே. நீங்களும் எதுக்குச் சொல்றீங்க?"

அண்ணன் ஏதோ சொல்ல எழுந்தான், நான் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா ஓரத்துக் கறுப்பில் ஒதுங்கவில்லை. வழுக்கிவிடாமல் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சிவப்புக்கு நடுவில் மெதுவாக நடந்து உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போய், கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

இரவு அம்மாவும் நானும் சாப்பிட்டோம். வெளியே இருந்த இருவரையும் நான் கூப்பிடவில்லை. பசித்தால் வாசல் வழியாக வரட்டும் என்று இருந்துவிட்டேன்.