காவேரிக்கு அந்தண்டை போன அணில்கள்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் அணிலை அடிக்கக் கூடாது. ராமர் முதுகில் தடவிக்கொடுத்த ஜீவனாம். அதனாலேயே அவற்றுக்கு அவ்வளவு கொழுப்பு. மொட்டைமாடியில் காயும் வடாமைத் தின்றன, தலையணைப் பஞ்சைப் பிடுங்கின, வாஷிங் மெஷின் வயரைக் கடித்தன. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட தாத்தா, பெருமாளுக்கு அமுது செய்விப்பதற்கு முன்பே ஓர் அணில் வாழைப்பழத்தை எச்சில் பண்ணிய அன்று, எலிப்பொறி வாங்கிவரச் சொன்னார்.

முதலில் மாட்டிய அணிலுக்குப் பாதி வால்தான் இருந்தது. அப்பா அதை அம்மாமண்டபம் படித்துறையில் விட்டுவிட்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் பாதிவால் கொல்லை மதில்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கத்துகிறது. "இனிமே காவேரிக்கு அந்தண்டை கொண்டுபோய் விடு" என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாடு கடத்தும் வேலை ஆரம்பமாயிற்று. அப்பா ஸ்கூட்டர் ஓட்டுவார். பின்னால் நான், என் மடியில் துண்டு போர்த்திய பொறி. எனக்கு அப்போது ஏழு வயது. பாலம் தாண்டி தில்லை நகரில் ஒரு வேப்பமரத்தடியில் பொறியைத் திறப்போம். அணில் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். வந்த வேலை முடிந்தது என்று திரும்பாமல், அப்பா எதிர்வீட்டு மாடிப்படி ஏறுவார். அங்கேதான் அத்தை இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆபீஸில் தன்னோடு வேலை பார்த்த ஒருவரை, தாத்தா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். "அவ வாசப்படி மிதிக்கறவா என் வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்று தாத்தா சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவள் பேச்சையே எடுக்க மாட்டோம். "ஆத்துல யார்கிட்டயும் மூச்சு விடப்படாது, தெரிஞ்சுதா?" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் என் காதைப் பிடித்துச் சொல்வார். ஓட்டைவாய் என்று பெயரெடுத்த என்னை நம்பி இவ்வளவு பெரிய ரகசியத்தை ஒப்படைத்த அவர் தைரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் உளறினால் அப்பாவையே வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நிஜமாகவே நடுங்கினேன். அத்தை வார்த்துப் போட்ட அடைகள்தான் அந்தப் பயத்தைத் தாங்க வைத்தன.

ஆக, அணில் ஒழிய வேண்டும் என்று வைத்த பொறியில் அணில் விழ வேண்டுமே என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. தேங்காய்ச்சில், வேர்க்கடலை என்று அப்பா பொறிக்குள் விருந்தே வைப்பார். ஒரு வாரம் ஒன்றும் விழவில்லை. வெறும் பொறிக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினோம். வாசலில் நின்றிருந்த தாத்தா, "சத்தத்தையே காணுமே?" என்றார்.

"தூங்கறதுப்பா" என்றார் அப்பா.

"பாலத்துல மெதுவா ஓட்டு. முழிச்சுண்டுடப் போறது" என்றார் தாத்தா.

இது எதுவும் தெரியாத அம்மா, அணில் வராதபடி கொல்லைக்கு வலை அடிக்க ஆளை வரவழைத்துவிட்டாள். அவன் டேப்பை நீட்டி அளக்க அளக்க என் ஞாயிற்றுக்கிழமை அடைகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. தாத்தா வந்து, "காத்து வராது, வேண்டாம், போங்கோ" என்று அவனை அனுப்பிவிட்டார். வாழைப்பழச் சங்கதியைக் கிழவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது, நம் நல்ல காலம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அத்தையின் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. அடை அவ்வளவு ருசியாக இருந்தால் யாருக்குத்தான் ஆகாது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஒரு ஞாயிறு, அப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தாத்தா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். கையில் வாழையிலைப் பொட்டலம். முந்தின நாள் பெருமாளுக்கென்று அம்மாவைச் சொல்லிக் கிண்டவைத்த திரட்டுப்பால். இலை இன்னும் சூடாக இருந்தது, மறுபடி சுடவைத்திருக்கிறார்.

"அணிலுக்குப் பசிக்கும். விடற எடத்துல குடுத்துடு. அப்பாட்ட சொல்லாதே."

அணிலுக்கா திரட்டுப்பால்? பாலம் ஏறும்போது பொட்டலத்தைப் பிரித்தேன். நெய்யும் வெல்லமும் மணத்தன. பாலம் இறங்குவதற்குள் இலையை நக்கிச் சுத்தமாக்கிக் காற்றில் விட்டுவிட்டேன். பொறிக்குள் இருந்த அணில் துண்டு இடுக்கு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வேர்க்கடலை போதும்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தாத்தா வாசலிலேயே காத்திருந்தார். அப்பா உள்ளே போகும்வரை பொறுத்து, குனிந்து கேட்டார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஒரு பொட்டு மிச்சம் வெக்கல தாத்தா."

"பிடிச்சிருந்துதா?"

"ரொம்ப."

தாத்தா உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "ஏதாவது சொன்னாளா?" என்றார்.

"அணில் எங்கயாவது பேசுமா தாத்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். என் திருட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியில் நான் விளையாடப் போனேன்.