பின்சீட்டில் அண்ணன் மகள்

கோகிலாவுக்கு மலை இறங்குவது புதிதல்ல. கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற ஊரில் பிறந்தவள். பதினாறு வயதில், கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிற்றோடு இதே சாலையில் கீழே வந்தாள். வளைவுக்கு ஒருமுறை வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால், தன் கல்யாண நாளைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது அந்தப் புளித்த நாற்றம் ஒன்றுதான். பிறகு காளப்பநாயக்கன்பட்டி வாழ்க்கை. ஜவ்வரிசி மில்லில் கிழங்குக்குத் தோல் சீவும் வேலை, இரண்டு பையன்கள், தவணையில் வாங்கிய பழைய ஆம்னி வேன். தாய்வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் பலாப்பழத்தையும் வாழைத்தாரையும் பின்னால் ஏற்றிவிட்டு, முன்சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு இறங்குவாள்.

அந்தச் சாயங்காலம் அவள் தூங்கவில்லை. இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டுக்குக் கீழே, பலாப்பழங்களுக்கு நடுவில், பழைய பெட்ஷீட்டுக்குள் அண்ணன் மகள் அனுராதா சுருண்டு படுத்திருந்தாள்.

"மூச்சு விடறாளா பாரு புள்ள," என்றான் வண்டி ஓட்டிய ஜீவானந்தம்.

"நீங்க ரோட்டப் பாருங்க."

அனுராதாவுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காளியண்ணன், அவளுடைய அம்மாவின் தம்பி, முப்பது வயது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவனையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் குறிக்காரனிடம்தான்.

போன மழையில் கோகிலாவின் அண்ணன் சின்னராசுவின் காட்டில் மிளகுக்கொடிகள் வாடின. இலை மஞ்சளித்தது, தண்டு கறுத்தது, கொடி படர்ந்திருந்த மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. வேரில் தண்ணீர் தேங்கினால் மிளகு அழுகத்தான் செய்யும். பக்கத்துக் காட்டுக்காரன் வாய்க்கால் வெட்டிவிட்டுத் தன் கொடியைக் காப்பாற்றிக்கொண்டான். சின்னராசு மண்வெட்டியை எடுக்கவில்லை. தேங்காயும் பழமும் எடுத்துக்கொண்டு குறி கேட்கப் போனான். குறிக்காரன் உடுக்கையை அடித்தான், கண்ணை உருட்டினான், சொன்னான்: வயதுக்கு வந்த பெண்ணை மாமனுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறாய், அந்த உரிமைதான் உன் கொடியைத் தின்கிறது. அழுகிய வேருக்கு வைத்தியம் ஒரு சிறுமியின் கழுத்தில் இருக்கிறதாம். மலைக்காரர்கள்தான் இப்படி என்று கீழே இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். போர்வெல்லில் தண்ணீர் வராததற்கு மருமகளின் ஜாதகத்தைக் குற்றம் சொல்லி அவளைத் துரத்திவிட்ட வீடு கோகிலாவின் தெருவிலேயே இருக்கிறது. வாசலில் காரும் நிற்கிறது.

போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஜீவானந்தம் சொன்னான். "எங்கண்ணன நானே உள்ள தள்ளட்டுமா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தவள் கோகிலா. அவள் போட்ட திட்டம் சின்னது. பெண்ணைக் கீழே கொண்டுபோய் வீட்டில் ஒளித்துவைப்பது; வெள்ளிக்கிழமை கடந்து போகட்டும். காலையில் கருவேப்பிலை பறிக்கிற சாக்கில் அனுராதாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "சாயங்காலம் வண்டியில ஏறிப் படுத்துக்க, பேசாத" என்று மட்டும் சொன்னாள். அண்ணி கலைச்செல்வி, பெண்ணைப் பெற்றவள், எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

கொல்லிமலைச் சாலையில் துரத்துகிறவன் பின்னால் வருவதில்லை. தலைக்கு மேலே வருவான். சோளக்காடு ஊரைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும், மேல் மடிப்பில் ஒரு விளக்கு மூடுபனிக்குள் மஞ்சளாகத் திரும்புவதைக் கோகிலா பார்த்தாள். அடுத்த வளைவில் அது இன்னும் கிட்டத்தில், தலைக்கு நேர் மேலே தெரிந்தது. அண்ணனுடைய டிவிஎஸ் வண்டியின் இருமல் சத்தம் அவளுக்குப் பழக்கமானது.

"ஏனுங்க, கொஞ்சம் வெரசா போங்க."

"வெரசா போனா நேரா அடிவாரந்தான். ரோடு தேவையில்ல."

மலையின் முக்கால் பாகம் இறங்கிய பிறகு அதிர்ஷ்டம் தீர்ந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் பின்சக்கரத்தை ஓடைக்குள் விட்டுவிட்டு, சாலைக்குக் குறுக்கே படுத்த எருமை மாதிரி நின்றது. ஜீவானந்தம் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. சனங்கள் இறங்கி முதுகை நெளித்தார்கள். கோகிலா போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. கிடைத்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கும் பாறைக்கும் நடுவில் வண்டியை நுழைத்துக்கொண்டு சின்னராசு வந்துவிட்டான். இடுப்பில் கொடுவாள். மலையில் காட்டுக்குப் போகிற எல்லோர் இடுப்பிலும் அது இருக்கும்; இன்றைக்குத்தான் கோகிலாவின் கண் அதிலிருந்து நகர மறுத்தது. இறங்கிப் போய் வேனின் பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எறக்குடி அவள."

"ஆரைங்கண்ணா?"

"பலாப்பழத்தக் கேட்டா இத்தன தூரம் வந்தேன்?"

பஸ்காரர்களில் யாரோ சிரித்தார்கள். ஜீவானந்தம் குறுக்கே வந்தான். "மச்சான், நடுரோட்டுல வேண்டாங்க. கீழ ஊட்டுக்கு வாங்க, ஒருவாய் சாப்புட்டுட்டுப் பேசலாம்."

"உங்க ஊட்டுச் சோத்த நீயே தின்னு மாப்ள. எம்புள்ளைய எங்கிட்டக் குடு. பரிசம் போட்டாச்சு. காளியண்ணன் ஊட்டுக்காரங்க சீலையோட வந்து திண்ணையில உக்காந்திருக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பதினஞ்சு வயசுன்னு சொல்லுங்க," என்றான் ஜீவானந்தம்.

கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் எப்போதும் யார் பக்கம் நிற்கும் என்பது கோகிலாவுக்குத் தெரியும். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "பெத்தவன் கேக்கறான், உட்டுரும்மா. உனக்கு என்ன வேல இதுல?" கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "சொந்த மாமனுக்குத்தான கட்டறாங்க, கெணத்துலயா தள்றாங்க?" என்றாள். அவளுக்கே இருபது வயது இருக்காது.

கோகிலா பேசினாள், அண்ணனைப் பார்த்து மட்டும். "பதினாறுல என்னைக் கட்டிக்குடுத்தீங்க. மொதப் புள்ள தங்காம போச்சே, அப்ப ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, உனக்கே இன்னும் எலும்பு முத்தலையே, உன்னை ஆரு கட்டிவச்சதுன்னு. நான் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். உங்க பேர நான் சொல்லலீங்கண்ணா."

சின்னராசு கண்ணைத் தாழ்த்தினான். கொஞ்ச நேரம்தான். பிறகு, "கொடி பூராவும் போச்சு கோகிலா," என்றான். அதட்டல் குறைந்திருந்தது. "அடுத்த வருசம் நாங்க எதத் திங்கறது?"

"வாய்க்கா வெட்டுங்க. அவ கழுத்துல கயிறு கட்டுனா தண்ணி வடிஞ்சுருமா?"

அவன் அவளைத் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தான். பலாப்பழங்கள் இருந்தன. பெட்ஷீட் இருந்தது. மறுபக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. அனுராதா இல்லை.

"எங்கடி ஒளிச்ச?"

கோகிலா பெட்ஷீட்டை இழுத்துப் பார்த்தாள். லாரி கிளீனர் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒரு பொண்ணு அந்தச் செவுத்தத் தாண்டிக் கீழ எறங்குச்சுங்க. ஒதுங்கப் போவுதாக்கும்னு நான் திரும்பி நின்னுக்கிட்டேன்."

வளைவின் தடுப்புச்சுவருக்கு அப்பால் காடு சரிந்து இறங்கியது. அதற்குள் ஒரு ஒற்றையடித் தடம். சாலை போடுவதற்கு முன்னால் மலைக்காரர்கள் மூட்டை சுமந்து இறங்கிய தடம் அது. சாலையின் வளைவுகளை அங்கங்கே வெட்டிக்கொண்டு நேராக அடிவாரத்துக்குப் போகும். கோகிலாவும் பாவாடை கட்டிய காலத்தில் அதில் நடந்தவள்தான். வேன் வந்தபிறகு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனாள்.

"நாந்தான் அவளுக்குக் காட்டுனேன்," என்றான் சின்னராசு. முகம் வெளுத்திருந்தது. "போன தையில பேளுக்குறிச்சிச் சந்தைக்கு ஆடு ஓட்டிக்கிட்டு இதுலதான் போனோம். ஆட்ட பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டாங்க."

போன மாதம் இந்தச் சரிவில்தான் கரடி ஒரு விறகுக்காரியின் முகத்தைப் பிய்த்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். சின்னராசு சுவரைத் தாண்டிக் குதித்தான். "அனு" என்று கூப்பிட்ட குரல் பனிக்குள் இறங்கி மறைந்தது.

லாரியை நகர்த்தும்வரை கோகிலா அங்கேயே நின்று, வேட்டிக்காரர் உட்பட எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு தள்ளுவதைப் பார்த்தாள். இத்தனை கைகளும் ஒரு லாரிக்கு உடனே வந்துவிட்டன. ஒருவழியாக வழி கிடைத்ததும் ஜீவானந்தம் வேனை இறக்கினான். தடம் சாலையைக் கடக்கிற முதல் இடத்தில் நிறுத்தினார்கள். புதரை விலக்கிக்கொண்டு சின்னராசு வந்தான்.

"வந்துச்சா?" என்றான்.

"இல்லீங்கண்ணா."

அவன் மறுபடியும் காட்டுக்குள் இறங்கினான். அடுத்த இடத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். அவன் வந்தபோது முழங்காலில் ரத்தம் வழிந்தது, வேட்டி கிழிந்திருந்தது. இந்த முறை கேட்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போனான். அதற்கடுத்த இடத்தில் அவன் வரவேயில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கீழே எங்கோ சருகு நொறுங்கியது. பள்ளத்திலிருந்து சின்னராசுவின் குரல் மட்டும் கேட்டது, உடைந்து போய்: "வந்துரு சாமி. அப்பன் ஒன்னும் சொல்ல மாட்டேன். வந்துரு."

சருகுச் சத்தமும் நின்றுவிட்டது.

அவளை ஒளித்துக் கொண்டுவந்தது நான், என்று கோகிலா நினைத்தாள். அவளுக்கு ஏதாவது ஆனால் வெள்ளிக்கிழமைக் கல்யாணமே தேவலை என்று எல்லோரும் சொல்வார்கள். தன் வாயும் அதைச் சொல்லிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வேன் அடிவாரத்தை எட்டியபோது சோதனைச்சாவடியில் விளக்கு எரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே, பெஞ்சில், அனுராதா உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்க முள் கீறல். வனக்காவலர் கொடுத்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோகிலா ஓடிப்போய் முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

"எதுக்குக் கண்ணு எறங்கிப் போன? உசுரே போச்சு எனக்கு."

"நீங்களும் அப்பாவும் பேசிக்கிட்டே இருந்தீங்க அத்தை. இழுத்துக்கிட்டுப் போயிருவாருன்னு பயமா இருந்துச்சு. நீங்களும் என்னை ஒன்னும் கேக்கல, படுத்துக்கன்னு சொன்னீங்க." அவள் மூச்சு வாங்கினாள். "போன் பண்ணிட்டேன்."

"ஆருக்கு?"

"பத்துத் தொண்ணூத்தெட்டுக்கு. புள்ளைங்களுக்கு ஒதவற நம்பர், பள்ளிக்கூடத்துச் செவுத்துல எழுதியிருக்கும். இந்தக் காவலர் போன்லதான் பேசினேன். நாமக்கல்லுல இருந்து வாராங்க."

கோகிலா சாலையைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பயந்து நாள் முழுக்க ஒளித்தாளோ அதையே இந்தப் பெண் ஒரு நிமிடத்தில் செய்துவிட்டாள். அப்போது தடத்தின் வாயிலிலிருந்து சின்னராசு நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். மகளைப் பார்த்ததும் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்லீங்கப்பா." அவள் எழுந்து போய் அவன் எதிரில் நின்றாள். கொஞ்சம் தள்ளியே நின்றாள், கைக்கு எட்டாத தூரத்தில். போன் செய்ததைச் சொன்னாள்.

அவன் கை இடுப்புக் கொடுவாளுக்குப் போகிறதா என்று கோகிலா பார்த்தாள். கை போகவில்லை. கிழிந்த வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டான்.

"என்னைப் புடிச்சுக்கிட்டுப் போவாங்களா?"

"கல்யாணம் நடந்தாத்தான் கேசாம். நடக்கலீன்னா, இனிமே செய்ய மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டு உட்டுருவாங்களாம். அதக் கேட்டுக்கிட்டுத்தான் உங்க பேரக் குடுத்தேன்."

சின்னராசு மகளைப் பார்த்தான். மேலே சீலையோடு உட்கார்ந்திருப்பவர்கள், குறிக்காரன், நாளைக்கு ஊர் பேசப்போவது, எல்லாம் அவன் முகத்தில் வந்து வந்து போயின. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஜீப்பின் வெளிச்சம் திரும்பியது.

"எனக்கு அவங்ககிட்டப் பேச வராது," என்றான். "கொடி, குறின்னு நான் சொன்னா சிரிப்பாங்க."

"நான் பேசறேங்கப்பா."

அவனுக்கு எழ முடியவில்லை. கோகிலா கை கொடுத்துத் தூக்கினாள். ஜீப் நின்று கதவு திறந்தபோது, சின்னராசு நொண்டிக்கொண்டே போய் மகளுக்குப் பின்னால் நின்றான்.