பியூலா மூடாத பக்கங்கள்

ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அந்த லாரி புக்கிங் கம்பெனியின் இணையதளத்தில் 'எங்கள் குழு' என்றொரு பக்கம் உண்டு. அதில் பியூலாவின் படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறது: 'மாற்றத்தை முதல் ஆளாக வரவேற்பவர். புதிய தொழில்நுட்பங்களை ஓயாமல் தேடிக்கொண்டிருப்பவர்.'

எழுதியவர் பியூலாவைப் பார்த்ததில்லை என்பது தெளிவு. கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய குடையை இன்னும் பிடிப்பவள் அவள். கோயிலில் இடப்பக்கம் நான்காவது பெஞ்சு; வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் அன்றைய பிரசங்கம் அவள் காதில் ஏறாது. செல்போனை அவள் மாற்றியதே இல்லை. ஒன்று செத்தபிறகு, துக்கம் கொஞ்சம் ஆறியதும், அதேபோல் இன்னொன்று வாங்குவாள்.

அப்படிப்பட்டவளும் கம்பெனியிடம் ஒரு மாற்றம் கேட்டாள். பழையபடியே இருப்பதற்காகத்தான் கேட்டாள். பழைய தங்கச் சுரங்க ஊரில், அவள் வீடு இருக்கும் சாம்பியன் பகுதியில், அவர்கள் சபைப் பாடகர் குழுவுக்குப் புதன்கிழமை மாலை பயிற்சி. பள்ளி நாளிலிருந்து பியூலா அதில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். பெங்களூர் வேலைக்குப் போக ஆரம்பித்தபின், ரயில் அவளைக் கொண்டுவந்து இறக்கும் நேரத்தில் அங்கே ஆர்கனை மூடி உறை போட்டிருப்பார்கள். ஆல்டோவில் மிச்சமிருந்த ஞானசுந்தரியோ, பக்கத்தில் துணை இல்லாவிட்டால் நாலு வரிக்குள் மேல்குரல்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொள்வாள்.

"கிறிஸ்துமஸுக்கு ஆல்டோ இல்லாமலே பாடிக்கலாம்மா. நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றார் குழுவை நடத்தும் ஆர்தர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பியூலா மேனேஜர் ரூபேஷிடம் போனாள். புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து வேலை. ரூபேஷ் அதே சுரங்க ஊரின் பாலகாட்டில் பிறந்து பெங்களூரில் வீடு வாங்கியவர். அதனால் அந்த ரயிலின் கஷ்டம் அவருக்குத் தெரியும். அந்த ரயிலைச் சாக்காகச் சொல்கிறவர்களையும் தெரியும்.

"செஞ்சி பாக்கலாங்க்கா. ஆபீஸ்ல எப்படி டக்குனு பதில் சொல்றீங்களோ அப்படியே வரணும். கஸ்டமர் கத்தினா, புதனும் டிரெய்ன்தான்."

சரக்கு ஏற்றிய லாரி எங்கே வருகிறது என்று சரக்குக்காரருக்குச் சொல்வது பியூலாவின் வேலை. ஒவ்வொரு லாரிக்கும் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து பார்க்க வேண்டும். திறப்பதில் தவறில்லை. பியூலா மூடுவதில்லை. மாரிக்குப்பத்தில் புறப்படும் அந்த ரயிலில் வருஷக்கணக்காகப் போய்வந்த எவரும் பிடித்த இடத்தை விடமாட்டார்கள். எழுந்தால் வழியில் பங்காரப்பேட்டையில் ஏறுகிறவருக்கு அது சொந்தம். அந்த ரயில் பழக்கத்தை அவள் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோயிருந்தாள். தேடிப்பிடித்துத் திறந்த பக்கத்தை யாருக்காக விட்டுக்கொடுப்பது?

முதல் புதன்கிழமை லேப்டாப்பின் விசிறி மாவு மில் போல இரைந்தது. திரையின் தலைமாட்டில் லாரிப் பக்கங்கள் நெருக்கியடித்து நின்றன. பெயர் போய் ஆளுக்கொரு சின்னப் படம் மட்டும் தெரிந்தது. ஓசூர்க்காரர் போனில் கேட்டார். பியூலா ஒன்றைத் தொட்டாள், திரை உறைந்தது, இன்னொன்று திறந்தது, அதைப் பார்த்து, வண்டி வந்துவிட்டதென்று பதில் சொல்லிவிட்டாள். சற்று நேரத்தில் ரூபேஷ் கூப்பிட்டார்.

"அக்கா, ஓசூர்க்காரரு லோடு எறக்க ஆளுங்களை கேட்ல நிக்க வெச்சிகினு கீறாரு. வண்டி கிருஷ்ணகிரியில கீது."

"வேற வண்டியைப் பாத்துட்டேம்ப்பா."

"அடுத்த புதன் பாப்போம். அன்னிக்கும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதைச் சரிக்கட்டி முடிப்பதற்குள் பயிற்சியும் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை, ரயில் தோழி மைசூர் மைன்ஸ் வாணி மாரிக்குப்பத்திலேயே ஏறி, வழக்கம்போல் பியூலாவுக்காகச் சீட்டில் கர்ச்சீப் போட்டு வைத்திருந்தாள். ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் வேலை செய்கிறவள்.

"இன்னாக்கா, வீட்ல குந்திகினு வேலை செஞ்சவங்க மூஞ்சியா இது?"

பியூலா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். வாணி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்தினியும் எதுக்கு? ஒண்ணையாச்சும் மூடக் கூடாதா?"

"மூடினா எடம் பூடும்டி. அப்பறம் யாரு தேடறது?"

"பங்காரப்பேட்டையில எவனாச்சும் ஏறி அதுல குந்திக்குவானா?"

எதிர் சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"வேற பிரவுசர் போடுங்கக்கா. எங்க ஆஸ்பத்திரியில ஒண்ணு வெச்சிகினு கீறோம், அதைப் போடுங்க."

"வேறயா? இன்டர்நெட்டு ஒண்ணுதானே கீது?"

"இன்டர்நெட்டு ரோடு. பிரவுசர் வண்டி. லாரி கம்பெனியில சம்பளம் வாங்கிகினு இதை என்னாண்ட கேக்கறீங்களே."

"பழகின வண்டிடி இது."

"அப்ப அதிலயே போங்க. புதன்கிழமை இங்கயே குந்திகினு அல்லேலூயா பாடலாம், நான் கர்ச்சீப் போட்டு வெக்கிறேன்."

வாணி சொன்ன பிரவுசர், பியூலாவின் கம்பெனி அனுமதித்தவற்றில் முதலிலிருந்தே இருந்தது. புதியதை ஓயாமல் தேடும் அந்தக் குழுவில் ஒருவரும் அதைத் தொடவில்லை. சனிக்கிழமை துணி உலர்த்திவிட்டு வந்து பியூலா அதை இறக்கிக்கொண்டாள். அன்று முழுக்க அதைத் திட்டினாள். கை பழைய இடத்துக்கே போனது. பிறகு அவளை அறியாமல் திட்டு குறைந்தது.

இதில் பக்கங்கள் தலைமேல் நெருக்கவில்லை. இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக, முழுப் பெயரோடு நின்றன. ஓசூர் வண்டிகள் ஓர் அறை, சென்னை ஓர் அறை, ஹூப்ளி ஓர் அறை. கஸ்டமரின் மெயிலையும் அவருடைய வண்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. லாரிப் பக்கத்தின் நடுவில் குதிக்கும் டயர் விளம்பரம் வரவில்லை. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது ஒன்று: பார்க்காத பக்கத்தை அது தானே தூங்க வைத்தது. ஆள் எழுந்து போனாலும் இடம் அவர் பேரில் இருந்தது, கம்ப்யூட்டருக்கோ பாரமில்லை. பழைய பிரவுசரிலும் இதில் பாதி உண்டு, எங்கேயோ உள்ளறையில், என்று பிற்பாடு தெரிந்தது. உள்ளறையில் இருப்பதைத் தேட நேரமிருக்கிறவளுக்கு உதவியே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த புதன், ஓசூர்க்காரர் சோதித்துப் பார்க்கவே கூப்பிட்டார்.

"சூளகிரி தாண்டிடுச்சு சார்."

"நிச்சயமா? போன தடவ மாதிரி இல்லியே?"

"மேப்பைப் பாத்துகினேதான் சொல்றேன். ஆளுங்களை இப்பவே நிக்க வெக்காதீங்க, டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

சாயங்காலம் ரூபேஷ் பேசினார். "இன்னிக்கு யாரைக் கூட வெச்சிகினு வேலை செஞ்சீங்க?"

"யாரும் இல்லப்பா. பிரவுசரை மாத்தினேன்."

"நீங்களா?" ரூபேஷ் சிரித்தார். "சரிக்கா. புதன்கிழமை உங்களுக்கே இருக்கட்டும். மத்தவங்களுக்கும் அது இன்னான்னு காட்டுங்க."

பியூலா வேறொரு பிரவுசருக்கு மாறி, கேட்டவர்களுக்கெல்லாம் சரியான பதிலை உடனே சொல்லி, வேலையை நேரத்தோடு முடித்தாள். பிறகு பயிற்சிக்கு நடந்துபோய், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஆல்டோ பாடினாள்.