வாதிக்கு ஒரு டப்பா, பிரதிவாதிக்கு ஒரு டப்பா

வாய்தா நாள் காலையில் இஸ்திரி அக்கா இரண்டு டப்பாக்களில் சாப்பாடு கட்டுகிறாள். ஒன்று வாதிக்கு, மற்றது பிரதிவாதிக்கு. வாதி அவள்தான். பிரதிவாதி அவளுடைய உடன்பிறந்த தம்பி. அவனுக்கு ரத்தக் கொதிப்பு என்பதால் அந்த டப்பாவில் மட்டும் உப்பு பாதி. "எதிராளி நல்லா இருந்தாத்தானே கேசு ஒழுங்கா நடக்கும்" என்பாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சுதான். வழக்கைக் கூப்பிட்டதும் ஒன்றாக எழுந்து போய், உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிகிறார்கள். வெளியே வந்தால் தம்பி மகளின் படிப்பு, தம்பி மனைவியின் மூட்டுவலி என்று விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். புதிதாக வேலைக்கு வந்த காவலாளி ஒருநாள், "உங்க எதிர்க்கட்சி இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டார். "இதோ, என் டப்பாவை வழிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கானே, இவன்தான்."

பிழைப்பு இஸ்திரிக் கடை. கசங்கிய துணியைக் கண்டால் அவளுக்குக் கை நிற்காது. தன் வக்கீலின் கறுப்பு அங்கியை உருவிக்கொண்டு போய்த் தேய்த்து எடுத்துவருவாள். "நீங்களே இப்படிக் கசங்கி நின்னா நம்ம கேசு எப்படி சார் நிமிரும்?" ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலும் கூச்சத்தை விட்டுத் தன் அங்கியை நீட்டினார். மறுக்காமல் தேய்த்துக் கொடுத்தாள். அவரிடம் மட்டும் கூலி வாங்கிக்கொண்டாள்.

வழக்கு அவள் போட்டதல்ல. அவள் கணவர் தச்சர். அவரும் மச்சினனும் சேர்ந்துதான் நாற்காலிப் பட்டறை ஆரம்பித்தார்கள். இழைக்கத் தெரிந்தவர் அவர், விற்கத் தெரிந்தவன் தம்பி. வியாபாரம் பெருகி, பெரிய கடை எழும்பியபோது பலகையில் தம்பி பெயர் மட்டும் ஏறியது. கேட்டதற்கு, 'இவர் என்னிடம் கூலிக்கு வேலை பார்த்தவர்' என்று வக்கீல் மூலம் பதில் வந்தது. மனிதர் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. "என் தம்பிதானே, விட்டுத் தொலைங்க" என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. வழக்குப் போட்டார். அவள் கோர்ட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தெருவில் போன யாரோ தம்பியிடம், இறந்தது யார் என்று விசாரித்தார். தம்பி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அழுகைக்கு நடுவே, "எங்க அக்கா வீட்டுக்காரருங்க. நம்ம பட்டறையில வேலை பார்த்தவரு" என்றான். உள்ளே இருந்த அக்காவின் காதில் அது விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் வக்கீலைத் தேடிப் போய், வழக்கில் கணவர் இடத்தில் தன்னைச் சேர்க்கச் சொன்னாள். மகள் தடுத்தாள். "மாமாவோட இனிமே என்னம்மா சண்டை?"

"எனக்கும் அவனுக்கும் என்னடி சண்டை? உங்கப்பா பாதியில வச்சுட்டுப் போன வேலை. நான்தானே முடிக்கணும்."

போன வாய்தாவில் தம்பி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பெஞ்சில் அவன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கக்கா. இதோட விட்டுடு."

"பணம் கிடக்கட்டும்டா. அவரைக் கூலின்னு எழுதினியே, அதை மாத்து."

"அது வக்கீல் எழுதினதுக்கா."

"கையெழுத்து போட்டது யாரு?"

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறி நின்றவனிடம் அக்காவின் வக்கீல் நேராகவே கேட்டார்: "அவர் உங்களிடம் கூலிக்கு இருந்தவரா, கூட்டாளியா?"

தம்பி தன் வக்கீலைப் பார்த்தான். அவர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவன் முழித்த நாட்களிலெல்லாம் அவனுக்காகப் பதில் சொன்னவள் அவள். இன்றும் நுனிநாக்குவரை ஏதோ வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"முதல் நாற்காலியை மச்சான் இழைச்சாருங்க. நான் கட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். அன்னிக்குக் கூலி கொடுக்க என்கிட்ட என்னங்க இருந்துச்சு? கூட்டாளிதாங்க. ரெண்டு பேரும் கூட்டாளிதான்."

அவனுடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். தம்பி இறங்கும்போது கூண்டுப் படியில் கால் தடுமாறியது. எட்டிப் போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. பிடித்த கையை விடாமல், சாட்சியத்தைத் தட்டச்சு செய்பவரின் பக்கம் திரும்பி, அந்த வார்த்தை ஏறிவிட்டதா என்று மறு கையால் சைகை காட்டிக் கேட்டாள்.