சிரிக்கத் தடை

சிறுவயதில் டிவியில் பார்த்துச் சிரித்த கார்ட்டூன் திருடனை வைத்து, நிஜ மனிதர்கள் நடித்த நகைச்சுவைப் படம் ஒன்று வந்தது. யாரும் கேள்விப்படாத படம். திருப்பதியில் ஒரே ஒரு பகல் காட்சிதான். ரேணிகுண்டா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

அரங்கு நிறைந்திருந்தது. என்னைப் போல இத்தனை பேரா என்று பூரித்துப்போனேன். படம் தொடங்கியதும் புரிந்தது. எல்லோரும் தரிசன நேரம் வரும்வரை ஏசியில் தூங்க வந்தவர்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வரிசையாகச் சாய்ந்து குறட்டை விட்டன.

திருடன் வழுக்கி விழுந்தான். வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கண்விழித்து முறைத்தார்.

"இன்னா சார், கொயந்த தூங்கினுகீது. இப்டியா சிரிப்பீங்க?"

சிரிக்க வந்தவன் நான் ஒருவன்தான். வாயைப் பொத்திக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தேன். எரிச்சலோடு எழுந்தபோது அவர் சோம்பல் முறித்தார்.

"நல்ல படம் சார். மறுபடி போடுவாங்களா?"