நாலு மணிக்கு வந்த பிரதம விருந்தினர்

எங்கள் ஊர்த் தமிழ்ப் பாடசாலையின் நவராத்திரி வாணி விழாவில் யார் விளக்கேற்றுவது என்ற கேள்விக்கு ஒரு வருடம் என் மாமா தந்திரத்தால் விடை கண்டார். மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். பெற்றோர் சங்கத் தலைவர். ஒலிவாங்கி கையில் அகப்பட்டால் தொழிற்சாலைச் சங்கு ஊதினாலும் விடமாட்டார். அவரை நினைத்தால் எனக்கு வழமையாகச் சிரிப்புத்தான் வரும். இந்தக் கதையை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை.

டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியின் நடுவில், ஒரு இறைச்சித் தொழிற்சாலையையும் இரண்டு முதியோர் இல்லங்களையும் நம்பிப் பிழைத்த சின்ன ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமைகளில் டெனிஷ் பள்ளிக்கூடத்தின் சில வகுப்பறைகளை நகரசபை எங்களுக்கு இலவசமாகத் தந்திருந்தது. அந்த வருடம் செலவைக் குறைக்கப் போகிறார்கள், அறைகளைத் திருப்பி எடுக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அறைகள் போனால் பாடசாலையும் போனதுதான். முடிவெடுக்க வேண்டியது நகரசபையின் பண்பாட்டுக் குழு. அதன் தலைவர் எஸ்தர்.

எஸ்தர் கறுப்பினப் பெண். சின்ன வயதில் தாயோடு கானாவிலிருந்து வந்தவர். அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் அவரும் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சோறு தீத்திய ஆள். பிறகு அங்கேயே தொழிற்சங்கப் பிரதிநிதியானார். பிறகு தேர்தலில் நின்றார். தெரு விளக்குக் கம்பங்களில் அவர் கட்டிய சுவரொட்டிகளை இரவில் யாரோ பிடுங்கி எறிவார்களாம். காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவரே திரும்பக் கட்டுவாராம். முதல் முறை தோற்றார், அடுத்த முறை வென்றார். எங்கள் நகரசபைக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அம்மா இதையெல்லாம் தன் சொந்தத் தங்கையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

மாமாவிடம் எஸ்தருக்கு வேறொரு பெயர் இருந்தது. எங்கள் வீடுகளில் கறுப்பின மக்களைக் குறிக்கச் சர்வசாதாரணமாகப் புழங்கிய சொல் அது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. படம் எடுக்கும் நாட்களில் மாமா கண்ணாடி முன் நின்று முகத்துக்கு இரண்டு தரம் பவுடர் பூசுவார். அவரையும் எஸ்தரையும் பக்கத்தில் நிறுத்தினால் யார் அதிகம் கறுப்பு என்று ஒரு டெனிஷ்காரர் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த மனிதருக்குத்தான், எஸ்தர் விளக்கேற்றும் படத்தை லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் பார்த்தால் மானம் போய்விடுமாம்.

ஆனால் அறைகள் வேண்டும். ஆகவே எஸ்தரை அழைக்கவும் வேண்டும். ஒரு மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில் தேத்தண்ணீர் குடித்தபடி மாமா அப்பாவுக்குத் தன் திட்டத்தை விளக்கினார். அம்மா அப்போது வேலையில் இருந்தார்.

"டெனிஷ் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்கு மூண்டு மணி எண்டு சொல்லியாச்சு. வெள்ளைக்காரன், ஆள் உயரம், படத்துக்கும் நல்லாயிருக்கும். அவவுக்கு நாலு மணி எண்டு அனுப்பிப்போட்டன். அவ வரேக்கை விளக்கும் ஏத்தி முடிஞ்சிடும், படமும் எடுத்து முடிஞ்சிடும். முன் வரிசையிலை இருத்தி ஒரு பொன்னாடையைப் போத்தி விடுவம்."

"அவவுக்கு விளங்கினால்?" என்று அப்பா கேட்டார்.

"எங்கட முறை வழமையள் அவவுக்கு என்ன தெரியும்?"

அப்பா கோப்பையைக் கழுவப் போனார். மேசைக்கு மறுபக்கம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பிறந்தநாள்காரப் பிள்ளைக்குப் பிந்திய நேரத்தைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் முந்தி வந்து ஒளிந்திருந்து, கதவு திறந்ததும் எல்லோரும் கத்துவார்களே, அப்படி ஏதோ எஸ்தருக்குச் செய்யப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா எல்லாவற்றையும் யோசித்திருந்தார், எங்கள் சனத்தை மட்டும் மறந்துவிட்டார். மூன்று மணி என்று நோட்டீஸ் அடித்தால் தமிழர்கள் நாலரைக்குப் பிறகுதான் குளிக்கவே போவார்கள் என்பது சங்கத் தலைவருக்குத் தெரியாதா? விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நாங்களும் மாமாவும் பூட்டுத் திறக்க வந்த காவலாளியும் மட்டும் நின்றோம். குத்துவிளக்கு பொருளாளரின் காரில் இருந்தது. பொருளாளரின் கார் பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டில் யாரையோ ஏற்றப் போயிருந்தது. ஹெட்மாஸ்டர் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருநூறு வெற்றுக் கதிரைகளின் முன்னே தனியாக உட்கார்ந்தார். மாமா அவருக்கு ரோல்ஸ் கொடுத்தார். பிறகு வடை கொடுத்தார். பிறகு மறுபடி ரோல்ஸ் கொடுத்தார். "இப்ப வந்திடும், இப்ப வந்திடும்" என்று மாமா டெனிஷிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணியாகும்போது ஹெட்மாஸ்டர், மகளுக்குக் கைப்பந்துப் போட்டி இருப்பதாகச் சொல்லி எழுந்தார்.

நான் பட்டுப் பாவாடைக்கு மேல் மழை அங்கி போட்டுக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு வாசலில் நின்றேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஹெட்மாஸ்டரும் அப்போதுதான் வந்திறங்கிய எஸ்தரும் சந்தித்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கென்று சொன்னார்கள், ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன் என்றார் ஹெட்மாஸ்டர். எனக்கு நாலு என்று சொன்னார்கள் என்றார் எஸ்தர். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டரின் கார் போன பிறகும் எஸ்தர் கொஞ்ச நேரம் மழைத் தூறலில் அசையாமல் நின்றார்.

பிறகு என்னிடம் வந்து குனிந்து, விழா உண்மையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மூன்று மணிக்குத்தான், ஆனால் நாங்கள் தமிழர் எப்போதும் பிந்தித்தான் வருவோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மறுபடி சிரித்தார். என் பகிடிக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். நெற்றியைக் காட்டினார்.

உள்ளே மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பொருளாளரும் குத்துவிளக்கைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எஸ்தர் என் அம்மாவைக் கட்டிப்பிடித்து, தான் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டேனாமே என்று மட்டும் சொன்னார். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுப்பம். நாலரைக்கு ராகுகாலம் துவங்குது. அது கழிஞ்சு ஏத்துவம்" என்றார் மாமா. வாழ்க்கையில் பஞ்சாங்கம் பார்த்தறியாத மனிதர்.

"துவங்க இன்னும் நேரம் கிடக்கு. இப்பவே ஏத்தட்டும்" என்றார் அம்மா.

"மெல்லக் கதை. ஆக்கள் பாக்கினம்."

"ஆர் பாக்கினம்? ஒருத்தரும் வரேல்லையே!" அம்மா அண்ணனை எதிர்த்துக் குரல் உயர்த்தியதை அன்றுதான் முதல் தரம் கேட்டேன். "இந்தக் கறுத்த கை என்னிலை படக்கூடாதெண்டு வேலையிலை ஒரு கிழவி என்ரை கையைத் தட்டிவிட்டவ. அண்டைக்கு எனக்காக நிண்டு கதைச்சது இவ. நான் அழுதுகொண்டு வந்து சொல்ல, கொதிச்சு எழும்பினது நீங்கள். இப்ப நீங்களும் அதைத்தானே அண்ணை செய்யிறியள்?"

எஸ்தருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தரையைப் பார்த்தபடி சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். அம்மா மெழுகுதிரியைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்தார். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, வெற்றுக் கதிரைகளின் முன்னால், எஸ்தர் முதல் திரியை ஏற்றினார். படம் எடுப்பவர் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் அந்தக் கணத்துக்கு ஒரு படம்கூட இல்லை. ஐந்தரைக்கு மண்டபம் நிறைந்ததும் மாமா ஒலிவாங்கியில், "மங்கள விளக்கு ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது" என்று அறிவித்தார். யார் ஏற்றினார் என்று சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வகுப்பறைகள் எங்களுக்குக் கிடைத்தன. குழுவில் எஸ்தர் எங்களுக்காக வாதாடியதாக அம்மா சொன்னார். தன்னுடைய முயற்சியால் கிடைத்ததென்று மாமா விபோர்க் நகரம் வரைக்கும் போய்ச் சொன்னார். ஒரு மனிதருக்கு வெட்கம் என்ற ஒன்று கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மா மற்றதையும் சொன்னார். எஸ்தர் நகரசபைக்குப் போன புதிதில் ஒரு கூட்டத்தின் நேரத்தை முன்னுக்குக் கொண்டு வந்தார்களாம். எல்லோருக்கும் சொன்னார்களாம், அவருக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்களாம். அவர் போனபோது வாக்கெடுப்பு முடிந்திருந்ததாம். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர்கள் சொன்ன நேரத்துக்கு அவர் போவதில்லை. வெகு முந்தியே போய் உட்கார்ந்துகொள்வார். எங்கள் விழாவுக்குத்தான் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்திருக்கிறார். எங்களிடம் அப்படிக் கவனமாக இருக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்.

அந்த விழாவுக்கு அடுத்த வருடமும் அவரை அழைத்தோம். அம்மா பக்கத்தில் நின்றதால், மாமா சரியான நேரத்தைத்தான் எழுதினார். மூன்று மணி. எஸ்தர் ஒன்றரைக்கே வந்துவிட்டார். காவலாளி கதவைத் திறக்கும்போது வாசலில் நின்றார். எங்களோடு சேர்ந்து கதிரைகளை அடுக்கிவிட்டு, குத்துவிளக்கு வைக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு ஏற்றும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பவேயில்லை.

அன்று மண்டபம் நிறைந்த பிறகு மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கட பண்பாட்டிலை இவவுக்கு எவ்வளவு விருப்பம் எண்டு பாருங்கோ. எங்கட ஆக்கள் வர முன்னமே வந்து காவலிருக்கிறா!" என்றார். சனம் கைதட்டியது. எஸ்தர் எழுந்து, சிரித்து, கும்பிட்டார். முன் வரிசையில் அம்மா மட்டும் கையை மடியில் வைத்தபடி இருந்தார். அம்மா ஏன் தட்டவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் சேர்த்து நானே உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.